உட்கார வைத்த கை

உள்ளங்கையைக் கவிழ்த்து, மார்பு உயரத்திலிருந்து மெல்லக் கீழே இறக்க வேண்டும். அவசரம் கூடாது. தூங்கப்போகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். கோழி விரட்டுகிற மாதிரி இருந்துவிடக் கூடாது. எங்கள் அப்பா தன் பிற்காலத்தில் இந்த ஒரு சைகையை எத்தனை பேருக்குச் செய்து காட்டியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. பருத்தி எடுப்பு நடக்கும் காட்டில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், எவராவது வாய் தவறி "மெட்ராஸுக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும். கடற்கரையைப் பற்றிச் சொல்ல மாட்டார். உயரமான கட்டடங்களைப் பற்றிச் சொல்ல மாட்டார். கையைக் கவிழ்த்து இறக்கிக் காட்டி, "இப்படித்தான் உக்கார வச்சாரு" என்பார். கேட்டவர் ஒன்றும் புரியாமல் முழிப்பார். அப்பா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்து போய்விடும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரை எங்கள் வீட்டில் 'அசெம்பிளி அண்ணாச்சி' என்போம். எங்களுக்கு அவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடம்பூர்க்காரர். சென்னையில் சட்டமன்றத்தில், சபை நடப்பதைப் பார்க்க வருகிற பொதுமக்கள் உட்காரும் மாடத்துக்குப் பொறுப்பான அலுவலர். இப்போதெல்லாம் சட்டமன்றத்தை டி.வி.யில் காட்டுகிறார்கள். யாராவது கத்துகிறார்கள், யாரையாவது குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், என் பேரன் அதைப் பார்த்துக் கைதட்டுகிறான். நான் தேடுவது வேறு. கேமரா எப்போதாவது மாடத்துப் பக்கம் திரும்பினால், அங்கே ஓரத்தில் வெள்ளைச் சீருடையில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். நின்றால், மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது, இருந்தாலும் போடுவேன்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் எங்கள் ஊர். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் போட்டுவிட்டு, மழை ஏமாற்றினால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற ஊர். ஒருத்தர் இரண்டு பேர் கிணறு வெட்டித் தண்ணீரைக் கண்டிருந்தார்கள். அதில் அப்பாவும் ஒருவர். தண்ணீர் கீழே கிடக்கிறது, அதை மேலே ஏற்ற மோட்டாருக்குக் கரண்டு இல்லை. எழுதிப் போட்ட மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். நேரே போய் எம்.எல்.ஏ.வைப் பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒருநாள் அப்பா ரயிலேறிவிட்டார். அவர் மதுரையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. காலையில் எழும்பூரில் இறங்கி, குழாயடியில் முகம் கழுவி, விசாரித்து விசாரித்து எம்.எல்.ஏ. தங்கியிருந்த இடத்தைப் பிடித்துவிட்டார். எம்.எல்.ஏ. மனுவை வாங்கிக்கொண்டு, சபைக்குக் கிளம்புகிற அவசரத்தில், வந்ததுதான் வந்தீர்கள், சபையையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நுழைவுச் சீட்டுக்கு ஏற்பாடு செய்துகொடுத்தார். அப்பா போய் மாடத்தில் உட்கார்ந்தார்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டத்தில் ஒருவருடைய காரியத்தை வேறொருவர் எடுத்துப் பேசினால், யாருக்காகப் பேச்சு நடக்கிறதோ அவர் எழுந்து நிற்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, பேச்சு முடிகிறவரை நிற்க வேண்டும். அவர் வீட்டு ஆட்களும் நிற்பார்கள். நிறைய நிலம் உழுகிற பெரிய சம்சாரி, கொஞ்சம் உழுகிற சின்ன சம்சாரி, ஆண், பெண் என்ற பேதம் இதில் கிடையாது. பயத்தில் நிற்பதும் கிடையாது. நமக்காக ஒருவர் நின்றுகொண்டு வாயைத் திறக்கிறார், நாம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் அது என்ன மரியாதை? இவ்வளவுதான் அதன் நியாயம்.

அன்றைக்கு எங்கள் எம்.எல்.ஏ. சபையில் எழுந்து, மானாவாரிக் காட்டுச் சம்சாரிகள் கிணற்றை வெட்டி வைத்துக்கொண்டு கரண்டுக்குக் காத்துக் கிடக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்தார். மாடத்தில் இருந்த அப்பாவுக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. காலையில் தான் கொடுத்த மனு மத்தியானத்துக்குள் சபை ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டார். அது என்றைக்கோ எழுதி வைத்த பேச்சாக இருக்கும் என்று பிறகு ஒருநாள் நான் சொல்லப்போய், அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அன்றைக்கு அவர் எழுந்தார். துண்டை எடுத்து மடித்தார். நிமிர்ந்து நின்றார்.

சட்டமன்ற மாடத்தில் அப்படி எழுந்து நிற்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. கோஷம் போடப்போகிறான், எதையோ வீசப்போகிறான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படிப்பட்ட ஆளைப் பிடித்துக்கொண்டு போய் மேலதிகாரியிடம் நிறுத்த வேண்டும். சபாநாயகர் காதுக்குப் போனால் அது சபையை அவமதித்த குற்றமாகக்கூட ஆகும். அண்ணாச்சி வேகமாகத்தான் வந்தாராம். வந்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கையில் மடித்திருந்த துண்டைப் பார்த்தார், அப்படியே நிதானத்துக்கு வந்துவிட்டார். உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்கினார். அப்பா அவர் காதோரம் குனிந்து, "எனக்காவத்தான் பேசுதாங்க" என்றாராம்.

"தெரியுது அண்ணாச்சி. இங்கன உக்காந்துதான் கேக்கணும்."

அந்த 'இங்கன' காதில் விழுந்ததும் அப்பா உட்கார்ந்துவிட்டார். மெட்ராஸில் இறங்கியதிலிருந்து அவர் கேட்ட முதல் ஊர்ப்பேச்சு அதுதான். சபை முடிந்ததும் அண்ணாச்சி அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காப்பி வாங்கிக்கொடுத்து, மாடத்தின் விதிகளைச் சொல்லி, தான் கடம்பூர் என்றும் சொன்னார். இருவரும் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு ஊரணியையும் பேசி முடித்தார்களாம். புறப்படும்போது அண்ணாச்சி ஒன்று கேட்டுக்கொண்டார். "நடந்ததை மேல சொல்லியிருக்கணும். நான் சொல்லலை. நீங்களும் வெளிய சொல்லாதிய." அப்பா அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ரயிலேறினார்.

அதே நாள் மத்தியானம், மெயின்ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் கரண்டு கேட்டு மறியல் நடந்தது. கூட்டத்தில் எவனோ விட்ட கல் ஒரு பஸ்ஸின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் டிரைவர் முகத்தில் பட்டது. பாவம், அந்த மனிதருக்கு ஒரு கண் போய்விட்டது. யார் எறிந்தது என்று விசாரித்தபோது, வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஒருவர், அப்பா பெயரைச் சொல்லிவிட்டார். அப்பா ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் இருவர் சொன்னார்கள். மறுநாள் அப்பா பையும் கையுமாக வந்து இறங்கியபோது வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

எனக்கு அப்போது இருபது வயது. டைப்ரைட்டிங் முடித்துக் கோவில்பட்டியில் ஒரு வக்கீலிடம் வேலைக்கு இருந்தேன். அவரே அப்பாவை ஜாமீனில் எடுத்தார், கேஸையும் நடத்தினார். தப்பாமல் ஜெயில்தான், அதுவும் வருஷக்கணக்கில் போகும் என்று அவர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். கண் போன விஷயம், கோர்ட்டு இரக்கம் காட்டாது. அன்றைக்கு அப்பா மெட்ராஸில் இருந்தார் என்று நிரூபித்தால்தான் வழி. ரயில் டிக்கெட்டை இறங்கும் இடத்தில் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். தங்கியது எங்கும் இல்லை. சட்டமன்றத்தில் நுழைவுச் சீட்டுப் பதிவு இருக்கும், ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டு வேறு ஆள் போய் உட்கார்ந்திருக்கலாமே என்று அரசு வக்கீல் ஒரே அடியில் அடித்துவிடுவார். எம்.எல்.ஏ.வுக்கு எழுதினோம். கூட்டத்தொடர் நடப்பதால் தன்னால் கோர்ட்டுக்கு வர இயலாது, தினமும் எத்தனையோ பேருக்குச் சீட்டுக்குச் சொல்கிறேன், முகம் ஞாபகமில்லை என்று பதில் வந்தது. சபை நடக்கிற காலத்தில் உறுப்பினரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்பது சட்டம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் அவர் ஓட்டுக் கேட்டு வந்தபோது, "எனக்கும் உங்க மொகம் ஞாபகமில்ல" என்று எங்கள் அம்மா சொல்லிவிட்டாள்.

உங்களை அங்கே பார்த்தவர்கள் வேறு யாருமே இல்லையா என்று வக்கீல் கேட்கும்போதெல்லாம் அப்பா தரையைப் பார்ப்பார். யாரும் இல்லை என்பார். வீட்டிலோ, அடுப்படியில் உட்கார்ந்து கம்மங்கூழைக் குடித்துக்கொண்டே அந்தக் கையை எங்களுக்கு இறக்கிக் காட்டுவார். ஒருநாள் வக்கீல் ஆபீஸுக்கு அம்மாவும் வந்திருந்தாள். அப்பா வழக்கம்போல் தரையைப் பார்க்க, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று ஆரம்பித்து, கடம்பூர் அண்ணாச்சி, துண்டு, காப்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "வீட்டுல பேசுத வாயி, இங்கன மட்டும் பூட்டிக்கிடுமா?" என்று கேட்டாள். அப்பா கோபப்படவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. தன்னை உட்கார வைத்தவருக்குத் தன்னால் வேலை போய்விடக் கூடாது என்றார். தன் ஜெயிலைப் பற்றி அவர் பேசவே இல்லை. அப்பாவை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாள்தான்.

வக்கீல் உடனே அண்ணாச்சியைச் சாட்சியாகப் போட்டுக் கோர்ட்டு மூலம் சம்மன் அனுப்பினார். சம்மன் திரும்பி வந்தது. சபையின் அலுவலர் கோர்ட்டில் ஆஜராவதிலிருந்து விலக்குப் பெற்றவர் என்றும், சபைக்குள் நடந்தது எதைப் பற்றியும் சபையின் அனுமதி இல்லாமல் அவர் சாட்சி சொல்ல முடியாது என்றும் சட்டமன்றத்திலிருந்து கடிதம் இணைத்திருந்தார்கள். ஊருக்கு இது போதாதா! கோர்ட்டு கூப்பிட்டே வராத அளவுக்கு அவன் என்ன கலெக்டரா என்று சித்தப்பா குதித்தார். காப்பி வாங்கிக்கொடுக்கிற வரைக்கும்தான் ஊர்ப்பாசம் என்றார்கள். கடம்பூருக்குப் போய் அவர் வீட்டு ஆட்களிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அப்பாதான் குறுக்கே நின்று தடுத்தார்.

வக்கீலிடம் நானே கேட்டேன், இப்படியும் ஒரு சட்டம் உண்டா, ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போகும்போது பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாதா என்று. அவர் சிரிக்காமல் விளக்கினார். அந்த விலக்கு அந்த மனிதருக்குக் கொடுத்த சலுகை இல்லை, சபைக்குக் கொடுத்த காவல். உள்ளே யார் என்ன செய்தார்கள் என்று ஆளாளுக்கு அலுவலர்களைக் கூண்டில் ஏற்றினால், நாளைக்கு உள்ளே யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். சபை நடக்கிற நேரத்தில் அவர்கள் ஊர் ஊராகக் கோர்ட்டுக்கு அலைந்தால் சபையும் நடக்காது. ஆகவே கதவு பூட்டியிருக்கிறது, சாவி சபாநாயகரிடம் இருக்கிறது. கோர்ட்டிலிருந்து முறைப்படி எழுதிக் கேட்கலாம். ஆனால் ஒன்று. இவரால் என்ன சொல்ல முடியும் என்று சபாநாயகர் முதலில் அவரைத்தான் கேட்பார். ஞாபகம் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை, விஷயம் அதோடு முடிந்தது. ஞாபகம் இருக்கிறது என்று எழுதினால், விதியை மீறி எழுந்து நின்ற ஆளை மேலே சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும். "அவர் எதுக்கும்மா எழுதணும்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

கோர்ட்டின் பெயரில் போகவேண்டிய அந்த வேண்டுகோளின் நகலை நான்தான் டைப் அடித்தேன். எழுத்துப் பிசகி இரண்டு தடவை காகிதத்தை உருவி எறிந்தேன். கேட்டதை அளந்து கேட்டிருந்தார் வக்கீல்: இன்ன தேதியில் இன்னார் மாடத்தில் இருந்தாரா, அங்கே என்ன செய்தார், இவ்வளவுதான். பிறகு காத்திருப்பு. அந்த வருஷம் விதைப்புக்கு மழை நன்றாகப் பெய்தது. அப்பா போலீஸ் ஸ்டேஷனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விதைப்பார். அறுப்புக்குத் தான் இருப்போமா என்று தெரியாமல் விதைக்கிற மனுஷனைப் பார்க்கச் சகிக்காமல், அம்மா காட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அனுமதி வந்தது. அண்ணாச்சி உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார் என்பது அதைப் படித்தபோதே தெரிந்தது. சபாநாயகர் இரண்டு விஷயங்களுக்கு மட்டும் இசைந்திருந்தார். அந்த ஆள் அங்கே இருந்தாரா என்று சொல்லலாம். அவர் என்ன செய்தார் என்று சொல்லலாம். சபையில் யார் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

விசாரணை அன்று காலை கோவில்பட்டி ஸ்டேஷனில் அண்ணாச்சி இறங்கியபோது நானும் அம்மாவும் தூக்குச் சட்டியில் இட்லியோடு போய் நின்றோம். நடுத்தர உயரம், மாநிறம், கையில் ஒரு சின்னப் பெட்டி. அப்பா சொன்ன கதையில் அவர் இன்னும் வளர்த்தியாக இருந்தார். இட்லியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீராவது குடியுங்கள் என்றாள் அம்மா. அதற்கும் மாட்டேன் என்றார். "சாட்சி சொல்லிட்டு வாரேன் ஆச்சி. அதுக்கு முன்னால உங்க கையால ஒரு மடக்கு குடிச்சாலும் அது தப்பு." இன்னும் கொஞ்ச தூரம் அதே ரயிலில் போனால் அவருடைய கடம்பூர். அங்கேயும் அவர் முதலில் போகவில்லை. ஹோட்டலில் குளித்துச் சாப்பிட்டு, சீருடையைப் போட்டுக்கொண்டு நேரே கோர்ட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன் என்ன சாட்சி சொல்லப்போகிறாரோ என்று அம்மா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

கோர்ட்டில் எங்கள் ஊரே பின்னால் இருந்த பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது, இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று வக்கீல் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லோரும் தலையை ஆட்டியிருந்தார்கள். அண்ணாச்சி கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்தார். எதிர்க்கூண்டில் நின்ற அப்பாவைக் காட்டி, "இவரை எனக்குத் தெரியும். அன்னைக்கு எங்க மாடத்துல இருந்தாரு. வலது காதுல மட்டும் கடுக்கன் போட்டிருந்தாரு, இப்பவும் போட்டிருக்காரு" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். என் பக்கத்தில் அம்மா எழுந்தாள். சித்தப்பா எழுந்து துண்டை மடித்தார். வரிசையாக எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கடம்பூருக்குப் போய் நாலு வார்த்தை கேட்கக் கிளம்பிய இருவரும் எழுந்துவிட்டார்கள். டவாலிச் சேவகன் உட்காரு உட்காரு என்று அதட்டினான். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரும் அசையவில்லை. அப்போது கூண்டில் இருந்த அண்ணாச்சி, பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே, உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கினார். மாடத்தில் வருஷக்கணக்காகச் செய்து பழகிய கை. ஊர் முழுக்க உட்கார்ந்தது. நான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். அப்பா வீட்டில் காட்டியதில் ஒரு மயிரிழைகூடப் பிசகில்லை.

அவர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அரசு வக்கீல் எழுந்தார். இவர் எழுந்து நின்றபோது சபையில் பேசிக்கொண்டிருந்தது யார், எதைப் பற்றி என்று கேட்டார். அண்ணாச்சி, "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்கய்யா" என்றார். மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பேப்பரில் வந்த பேச்சுதானே, அதைச் சொன்னால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்டார்கள். சொல்லிவிட்டால் அப்பா நின்ற காரணம் வெளிச்சமாகிவிடும், எங்கள் பக்கம் பலமாகிவிடும் என்பது எனக்கே தெரிந்தது. சொல்லிவிடுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். "நான் கண்ணால பாத்ததுக்குத்தான் அனுமதி. அவங்க பேசுனதுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு நின்றார். அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே நீதிபதியைப் பார்த்தார். காரணமே இல்லாமல் ஒரு மனிதன் சட்டமன்றத்தில் எழுந்து துண்டை மடித்துக்கொண்டு நிற்பானா, ஊர்க்காரனைக் காப்பாற்ற ஜோடித்த கதை இது, உலகத்தில் எவனும் அப்படி நிற்க மாட்டான் என்றார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பின்பக்கம் பார்த்து, முன் வரிசையில் இருந்த அம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். சற்று முன்னால் நீங்கள் எல்லோரும் எதற்காக எழுந்து நின்றீர்கள் என்று கேட்டார். கோர்ட்டுக்கு மரியாதை கெட்டுவிட்டது என்று கேட்பதாக அம்மா நினைத்துக்கொண்டாள்.

"தப்புன்னா மன்னிச்சிருங்கய்யா. எங்களுக்காவ ஒருத்தர் நின்னு பேசுதாரு. நாங்க எப்படி உக்காந்திருக்கது?"

சொல்லிக்கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்கள் என்று அரசு வக்கீல் முணுமுணுத்தார். நீதிபதி எங்கள் வக்கீலைப் பார்த்தார். அவர் இன்னும் தலையில் கை வைத்தபடிதான் இருந்தார். நீதிபதி லேசாகச் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அம்மா செம்பில் மோரைக் கொடுத்தாள். அண்ணாச்சி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார். பாவம், என்ன தாகமோ. பேச்சைச் சொல்ல மறுத்தீர்களே, எங்கள் உயிரே போய்விட்டது என்று நான் சொன்னபோது, அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "குடுத்த அனுமதியை மீறிச் சொல்லியிருந்தா, அப்புறம் நான் சொன்ன மத்ததை மட்டும் எப்படி தாயி நம்புவாங்க?" என்றார். வக்கீல் அன்று சாயங்காலம், ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார். சத்தியத்தை மீறிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்த அப்பாவை, "நீங்க மீறலை அண்ணாச்சி, ஆச்சிதான சொன்னாங்க" என்று அண்ணாச்சி முடித்துவிட்டார்.

தீர்ப்பில் அப்பாவை விடுதலை செய்தார்கள். சபை அலுவலரின் சாட்சியம் நம்பத்தக்கது என்று எழுதியிருந்த பக்கத்தை நானே நகல் எடுத்தேன். அந்த அறுப்புக்கு அப்பா இருந்தார். உளுந்து நன்றாக விளைந்திருந்தது. முதல் மூட்டையைப் பிரித்து எடுத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் மெட்ராஸுக்கு ரயிலேறினார்கள். அங்கே அண்ணாச்சியின் மனைவி சொல்லித்தான் மற்றது தெரிந்தது. மாடத்தில் நடந்ததை மேலே சொல்லாமல் விட்டதற்கு விளக்கம் கேட்டு, அவரை மாடத்துப் பொறுப்பிலிருந்து எடுத்து வெளிவாசலில் போட்டுவிட்டார்களாம். அவருக்கு மாடத்தில் நிற்பதென்றால் அவ்வளவு இஷ்டம் என்று அந்த அம்மா சொன்னார்களாம். அப்பா உடைந்துபோய் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அதற்கு அவர் சொன்னதாக அப்பா சொல்வார்: "வாசல்ல நிக்கதுல என்ன அண்ணாச்சி? காத்து நல்லா வருது." ஓய்வு பெறுகிறவரை அவர் வாசலில்தான் நின்றார். ஞாபகம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் மாடத்திலேயே இருந்திருப்பார். நான் அதை நினைக்காத நாள் குறைவு.

ஓய்வுக்குப் பிறகு அவர் கடம்பூருக்கே வந்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றதே இல்லை. எங்கள் கிணற்றுக்குக் கரண்டு வந்து மோட்டார் ஓடிய அன்றைக்கு அவரைத்தான் சுவிட்சைப் போடச் சொன்னார் அப்பா. என் கல்யாணத்துக்குக் கடம்பூர் போளியை அவர் கூடை கூடையாகக் கொண்டுவந்தார். கோவில்பட்டி ஸ்டேஷனில் மறுத்த இட்லியை அம்மா சாகிறவரை அவருக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள், அவரும் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். கடம்பூரில் ஒரு மண்டபத்தில் படத்திறப்பு வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மாலை போட்ட படத்தில் அண்ணாச்சி வெள்ளைச் சீருடையில் இருந்தார். ஒருவர் மைக்கைப் பிடித்து, அண்ணாச்சி எப்படிப்பட்ட மனிதர் என்று பேச ஆரம்பித்தார். என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். துண்டை எடுத்தார். மடித்துக் கையில் பிடித்தார். கால்கள் வெடவெடவென்று ஆடின. மண்டபமே உட்கார்ந்திருக்க அவர் ஒருவர் மட்டும் நின்றார்.

விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். என்னையறியாமல் உள்ளங்கையைக் கவிழ்த்து அவர் தோளில் வைத்து மெல்ல அழுத்தினேன். "உக்காருங்கப்பா. உங்களுக்காவ இங்க யாரும் பேசலை" என்றேன்.

அப்பா படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவருக்காவ பேசுதாங்கல்லா, தாயி. அவரு எந்திரிக்க முடியாதுல்லா. அதான் நான் நிக்கேன்."

நான் அவர் தோளிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து, அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.